கொரியாவுக்குக் கேதம் சொன்னவர்

தாழக்குடி கணபதியப்பனுக்கு வேலை போட்டுக் கொடுக்க வேண்டாம் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கேட்கிற ஆளா கிளீட்டஸ் சார்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் அது. திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்துக்கு நாகர்கோவிலில் ஒரு கிளை நிலையம் இருந்தது. கிளீட்டஸ் சார் அதற்குத் தலைவர், நான் குமாஸ்தா. பெரிய பேராசிரியர்களை வரவழைத்துச் சர்வதேச விவகாரங்களைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு நடத்துவதுதான் நிலையத்தின் வேலை. பேராசிரியர்கள் வந்தார்கள். பொதுமக்கள்தான் வரவில்லை. கடைசியாக நடந்த கூட்டத்தில் என்னையும் வாட்ச்மேனையும் சேர்த்து ஆறு பேர். அதில் ஒருவர் பேச்சாளரின் மைத்துனர், அவரும் பாதியில் எழுந்துபோனார். அடுத்த கூட்டமும் இப்படித்தான் என்றால் நிலையத்தையே இழுத்து மூடிவிடுவோம் என்று திருவனந்தபுரத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது.

கிளீட்டஸ் சாருக்கு ஊர் கடற்கரைப் பக்கம். படித்ததெல்லாம் வெளியூரில். நெல் விளைகிற எங்கள் நாஞ்சில் நாட்டுக் கிராமங்களைப் பற்றி அவருக்கு ஒரு எழவும் தெரியாது. "ரத்தினம், ஊர் ஊரா வீட்டு வாசலுக்கே போயி நோட்டீசு குடுத்து அழைக்கணும். எல்லா வீட்டையும் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் வேணும்" என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள்.

சொல்ல மாட்டார்களா? தோவாளை முதல் பறக்கை வரை எந்த வீட்டில் பெண் எடுத்தவன் எந்த ஊரில் இருக்கிறான், எவனுக்கு எவன் பங்காளி, எவன் எவனோடு பேச்சில்லை, எல்லாம் கணபதியப்பனுக்கு அத்துப்படி. அவரிடம் ஒரு சைக்கிளும் உண்டு. அதனால்தான் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல அவரை அனுப்புவார்கள். கேதம் சொல்வது என்போம். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மணி அடிக்கக்கூடாது. சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும். வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும், உள்ளே கால் வைக்கக்கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது. யார் போனது, உங்களுக்கு என்ன முறை, எப்போது எடுப்பு, இந்த மூன்றையும் சொல்லிவிட்டு "வாறேன்" என்று சொல்லாமல் திரும்பிவிட வேண்டும். இருபது வருஷமாக இதைச் செய்து செய்து, கணபதியப்பன் சும்மா தெருவில் நடந்து வந்தாலே பெண்கள் மாரில் கைவைக்கும்படி ஆகிவிட்டது.

"சார், அவரு போயி நின்னா வீட்டுல ஒப்பாரி வச்சிருவாங்க சார்" என்றேன்.

"மூடநம்பிக்கை" என்றார் கிளீட்டஸ் சார். அதோடு பேச்சு முடிந்தது.

கணபதியப்பனுக்கு இந்த வேலையின்மேல் இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. காரணம் அவர் மகள் உலகம்மை. பெண் லட்சணமானவள், எட்டாவது வரை படித்தவள். தேரூர் பூதலிங்கம் பிள்ளையின் மூத்த மகனுக்கு அவளைப் பிடித்திருந்தது. பூதலிங்கம் பிள்ளைக்கும் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று. அதை அவர் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். "கொள்ளாவுந்த நல்ல சம்மந்தம்தான். ஆனா கணபதியப்பன் சம்மந்தின்னு ஆயி, நம்ம வாசல்ல வந்து நிக்காருன்னு வச்சுக்கோ. பேரப்பிள்ளையப் பாக்க வந்தாரா, எவனோ போயிட்டான்னு சொல்ல வந்தாரான்னு எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு மட்டமும் நெஞ்சு அடைச்சில்லா போவும். அவரு அந்தக் கேதம் சொல்லுக பாட்டை விட்டுட்டு ஒரு நிலையான வேலையில இருக்கட்டு. பொறவு பாப்போம்."

கிளீட்டஸ் சார் கணபதியப்பனிடம் வைத்த நிபந்தனையும் எளிமையானதுதான். அடுத்த கூட்டத்தில் மண்டபம் நிறைந்தால் பியூன் வேலை நிரந்தரம். நிறையாவிட்டால் வேலையும் இல்லை, நிலையமும் இல்லை. ஆக, உலகம்மையின் கல்யாணம் கொரியாவில் வந்து மாட்டிக்கொண்டது. அந்த வருஷத்துக்குப் போட்டிருந்த மூன்று சொற்பொழிவுகளில் முதலாவது கொரியா யுத்தத்தைப் பற்றியது.

முதல் நாள் அவர் புறப்பட்டதை நான் பார்த்தேன். சந்தனம் வைத்து, வெளுத்த சட்டை போட்டு, மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார். வழியெல்லாம் சிரித்த முகமாக இருந்தாராம், மறுநாள் தாடை வலிக்கிறது என்றார். சொந்த ஊரிலேயே மீனாட்சியம்மாள் வீட்டில்தான் தொடக்கம். வாசலில் அவர் தலையைக் கண்டதும் அந்தம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு, "எங்க அண்ணனா? ஐயோ, எங்க அண்ணனா?" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

"ஆரும் சாவல்ல அக்கா. இது காலேசு நோட்டீசு."

"ஆரும் சாவல்லியா?"

"இல்ல அக்கா. சத்தியமா இல்ல."

அந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கோபம் வந்தது. "பின்ன என்னத்துக்குவே வந்து நிக்கேரு? ஈரக்கொலையே கலங்கிப் போச்சே! ஆரும் சாவாம ஒரு வீட்டு வாசலுக்கு வரதுக்கு ஒமக்கு எப்பிடி மனசு வந்துது?"

எல்லா ஊரிலும் இதே கதை. நோட்டீசின் மூலையில் மஞ்சள் இல்லாததைப் பார்த்து யாரும் அதை வீட்டுக்குள் கொண்டுபோகவுமில்லை. இறச்சகுளத்தில் ஒரு பெரியவர் மயங்கியே விழுந்து, தெளிந்து எழுந்து, கணபதியப்பனை அடிக்கக் கம்பு தேடினார். நான் சொன்னேன் அல்லவா? சாயங்காலம் நோட்டீசுக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "சார், ஒரு ஆளும் வர மாட்டாங்க. எனக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்" என்றார். சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கிளீட்டஸ் சார் உட்காரச் சொன்னார். விஷயம் விளங்காமல் அழைத்தால் யார் வருவார்கள் என்று சொல்லி, கொரியாவைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவே நடத்தினார். கணபதியப்பன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், நடுவே ஒரு சந்தேகம் கேட்டார்.

"வடக்க உள்ளவனும் தெக்க உள்ளவனும் ஒரே கூட்டமா சார்?"

"ஒரே ஜனம்தான். ஒரே பாஷை."

"அப்பம் பங்காளிங்க. நடுவுல கோடு போட்டு அளந்ததுலயா தகராறு?"

"அப்படியும் சொல்லலாம்."

"வரப்புத் தகராறு. எத்தன பேரு போயிருப்பாங்க சார்?"

"சரியான கணக்கு இல்ல. பத்துலட்சத்துக்கு மேல."

கணபதியப்பன் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "இத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கணும் சார். கேதம்லா இது! நான் கல்யாணத்துக்கு அழைக்க மாதிரி சிரிச்சுக்கிட்டில்லா போயி நின்னேன். சவம், ஒரு மரியாத வேண்டாமா?"

மறுநாள் அவர் சந்தனம் வைக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. போன வீடுகளுக்கே மறுபடியும் போனார். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, வாசலுக்கு வெளியே நின்று, முறைப்படி சொன்னார். "கொரியாவுல பத்துலட்சத்துக்கு மேல போயாச்சு. பங்காளிக்குள்ள வரப்புத் தகராறு. நமக்கு முறைன்னு ஒண்ணும் இல்ல, ஆனா மனுசப்பிறவி. எடுத்தாச்சா எடுக்கல்லியான்னு தெரியல்ல. சனியாழ்ச்ச சாயந்திரம் நாரோயில் மண்டபத்துல அதச் சொல்லுகாங்க." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் திரும்பினார். யாரும் கோபப்படவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைத்துப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். கேதம் சொல்லி ஒருவன் போகவில்லை என்றால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. கொரியாக்காரனோடு பேச்சுவார்த்தை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிவிட்டாயிற்று, போகவேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மண்டபம் கொள்ளவில்லை. திண்டு, படி, ஜன்னல், எங்கு பார்த்தாலும் ஆள். ஒருவர் நெற்றியிலும் சந்தனம் இல்லை. பெண்கள் பூ வைக்காமல் வந்து ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்காலி போட்டிருக்கிறது என்றேன், அவர்கள் என் முகத்தைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கிளீட்டஸ் சார் காப்பியும் ரசவடையும் ஏற்பாடு செய்திருந்தார். சாவுக்கு வந்த இடத்தில் யார் சாப்பிடுவார்கள்? அத்தனையும் மீந்தது. தேரூர் பூதலிங்கம் பிள்ளையும் வந்திருந்தார். தூணோரம் நின்று, வாசலில் கணபதியப்பன் ஆள்களைக் கைகாட்டி உட்காரவைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேராசிரியர் நல்ல தமிழ் பேசுகிறவர். இந்த மாதிரிக் கூட்டத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தளபதிகளைப் பற்றி இரண்டு சிரிப்புக் கதைகள் வைத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "என்னவே இது, எழவு நடந்த எடத்துல" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பேராசிரியருக்கும் கேட்டிருக்க வேண்டும். குறிப்புக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அதற்கப்புறம் பனியில் நடந்துபோன ஜனங்களைப் பற்றியும், ஆளில்லாமல் கிடந்த ஊர்களைப் பற்றியும் பேசினார். மெதுவாகத்தான் பேசினார். முடித்துவிட்டு, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டார்.

மீனாட்சியம்மாள் தரையிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டாள்.

"அத்தன பேரையும் எடுத்துப்போட ஆளு இருந்துதா?"

பேராசிரியர், "தெரியல்ல அம்மா" என்றார்.

கூட்டம் கைதட்டாமல், சொல்லிக்கொள்ளாமல், எழுந்து போயிற்று. நேரே ஒழுகினசேரி ஆற்றில் போய் முங்கி எழுந்து, ஈரத்துணியோடுதான் பஸ் ஏறியிருக்கிறார்கள். கண்டக்டர் மறுநாள் என்னிடம் வந்து சண்டை பிடித்தார்.

திருவனந்தபுரத்துக்குப் போன அறிக்கையில் பேராசிரியர் என்ன எழுதினாரோ, பத்து நாளில் கணபதியப்பனின் நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. காக்கிக் கோட்டும் வந்தது. அடுத்த சொற்பொழிவு ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றி. "இதுல ஆரும் போயிருக்காங்களா சார்?" என்று கேட்டார் கணபதியப்பன். சாவு வராமல் தடுக்கிற சபை அது என்று கிளீட்டஸ் சார் விளக்கினார். "அப்பம் கஷ்டம் சார்" என்றார் அவர். சொன்னபடியே ஆயிற்று. மைத்துனர்கூட வரவில்லை.

கேதம் சொல்லும் வேலையை அவர் அடியோடு விட்டுவிட்டார். ஆள்கள் வந்து கெஞ்சினார்கள், "நான் இப்பம் உத்தியோகத்துல இருக்கேன் அண்ணாச்சி" என்று மறுத்துவிட்டார். ஆனால் தேரூரிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஐப்பசி போயிற்று. தானாகப் போய்க் கேட்கவும் அவருக்குப் பயம். "நான் போயி வாசல்ல நின்னா அவரு வீட்டுப் பொம்பளைங்க ஒப்பாரி வைப்பாங்க. கேக்க வந்த வார்த்தை வாயிலயே நின்னுரும்" என்பார். மத்தியானங்களில் வேலை இல்லாதபோது ஸ்டூலில் உட்கார்ந்து தேரூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் மெலிந்தும் போனார். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் ஒருநாள் வாய்விட்டே சொன்னார்.

கார்த்திகையில் ஒரு மழை நாள். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பூதலிங்கம் பிள்ளை தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே நடந்து வருகிறார். வந்தவர் படிக்குக் கீழே நின்றுவிட்டார். "மழையில என்னத்துக்கு நிக்கீங்க, உள்ள வாங்க அண்ணாச்சி" என்றேன். வரவில்லை. கணபதியப்பன் அவரைப் பார்த்தார். எப்படி நிற்கிறார் என்பதையும் பார்த்தார். காக்கிக் கோட்டைக் கழற்றி ஸ்டூல்மேல் போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பாவி மனுஷன், மறுபடியும் கேதம் சொல்லக் கிளம்பி, பெற்ற உத்தியோகத்தையும் கெடுத்துக்கொண்டு, பார்த்த சம்பந்தத்தையும் கெடுத்துக்கொள்ளப் போகிறாரே என்று நானும் பின்னாலேயே வாசலுக்கு வந்தேன்.

"ஆரு அண்ணாச்சி?" என்றார்.

"எங்க மூத்த அண்ணன். வெடியக்காலம் போயிட்டாரு."

"சுசீந்திரத்துல அவரு மாமனார் வீடு. இறச்சகுளத்துல ரெண்டு மச்சினன். பூதப்பாண்டியில கொளுந்தியா. இப்பமே சைக்கிள எடுத்தாத்தான் சரியாவும். எடுப்பு எப்பம்?"

"அதுக்கெல்லாம் வேற ஆளு விட்டாச்சு" என்றார் பூதலிங்கம் பிள்ளை.

"பின்ன?"

"நான் ஒமக்குச் சொல்ல வந்தேன்."

"எனக்கா?"

"சம்மந்திக்கு ஆள் விட்டுச் சொல்லப்படாதுல்லா. நாமதான நேர்ல வந்து சொல்லணும்." தலையில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப்போவும். அதுக்கு என்ன செய்யதுக்கு?" என்றார். "அஞ்சு மணிக்கு எடுப்பு." அதோடு திரும்பி, சொல்லிக்கொள்ளாமல் மழையில் நடந்தார்.

எத்தனையோ வாசல்களில் நின்று சொன்ன கணபதியப்பனுக்கு, தனக்குச் சொன்னால் என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. அப்புறம் படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதார்.

கிளீட்டஸ் சார் பதறிப்போய் வெளியே வந்தார்.

"என்ன ரத்தினம், என்னாச்சு இவருக்கு?"

"மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு சார்" என்றேன்.