திருப்புளியில் கேட்ட சத்தம்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். 1972 கோடை. திருவள்ளூரில் ஊத்துக்கோட்டை சாலையில் இருந்த ஒரு டிராக்டர் ஷெட். அங்கே வேலை பார்த்த மெக்கானிக் சாலமோனுக்கு நேர்ந்தது இது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்கள்? இது மண்டையைப் பிளக்கும் வெயிலில் வந்தது.

சாலமோனுக்குச் சோறு போட்டது அவருடைய காது. ஓடுகிற எஞ்சின்மேல் திருப்புளியின், அதாவது ஸ்க்ரூடிரைவரின், முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்துவார். உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று இரும்பே சொல்லிவிடும். அவர் காது வைத்துப் பார்க்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் பழைய டிராக்டர் வாங்குவதில்லை.

அந்தச் சித்திரையில் தரகர் சின்னராசு ஒரு பழைய வண்டியைக் கொண்டுவந்தான். சாலமோன் காது வைத்தார். அடியில் டொக்... டொக்... ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் பார்த்தார். மினுமினுவென்று பொடி. பேரிங் கரைந்துகொண்டிருந்தது. சூடானதும் ஆயில் கேஜ் முள் கீழே படுத்துக்கொண்டது. எந்த நிமிஷமும் எஞ்சின் இறுகி, போகிற போக்கில் நின்றுவிடும்.

"கெட்டி ஆயில ஊத்துண்ணா. சத்தம் அமுங்கிடும்" என்றான் சின்னராசு.

அந்த ஷெட்டில் வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். சாலமோனால் தட்ட முடியவில்லை. ஊற்றினார்.

வாங்க வந்தவர் திருவாலங்காட்டு ஆதிகேசவன். உழவு மாடுகளை விற்றுவிட்டு வந்திருந்தார். வண்டியை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, சாலமோன் முகத்தைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லு மேஸ்திரி. எனக்கு இன்னா தெரியும்?"

"நல்லா கீது."

அவ்வளவுதான். பெரியபாளையத்து அம்மன் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டி ஊருக்குப் போய்விட்டது. சாலமோனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி விக்டோரியா என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போடுவார். பாவி மனுஷன், ஒரு பஸ் ஏறியிருந்தால் போதும்.

சில வாரம் போனது. ஒரு நாள் உச்சி வெயில். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் டிராக்டர் சத்தம். திரும்பினார். ஷெட்டுக்குள்ளேயே நின்றிருந்தது அந்த வண்டி. எப்போது உள்ளே வந்தது?

சீட்டில் ஆதிகேசவன்.

"வண்டி ஒரு மாதிரி கீது. காது வச்சிப் பாரு" என்றார்.

சாலமோன் கிட்டே போனார். எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது... ஆனால் ஃபேன் சுற்றவில்லை. பானெட்டைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. புகை வந்தது... வாசனை இல்லை.

திருப்புளியை வைத்தார். கைப்பிடியைக் காதில் அழுத்தினார்.

டொக்... டொக்... டொக்...

அதற்கும் பின்னால், ரொம்ப தூரத்தில்...

கூஊஊ...

ரயில். இரும்புக்குள்ளே ரயில் கூவியது.

"இன்னா சொல்லுது மேஸ்திரி?"

இப்போதாவது சொல்லிவிடலாம். பேரிங் போச்சு, வண்டியை விடு என்று. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அன்றைக்குச் சொன்ன பொய் தெரிந்துவிடுமே... அப்புறம் இந்த முகத்தை எப்படிப் பார்ப்பது...

கூஊஊ... இப்போது கிட்டத்தில்.

"எறங்கட்டுமா?"

சாலமோன் தலை குனிந்துகொண்டார்.

"வேணாம். நல்லா கீது."

சத்தம் நின்றது.

நிமிர்ந்தார்.

ஷெட்டில் யாரும் இல்லை. புழுதியில் சக்கரத் தடம்கூட இல்லை.

சாயங்காலம் சேதி வந்தது. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், ஆளில்லாத ரயில் கேட்டில், எஞ்சின் இறுகி டிராக்டர் தண்டவாளத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. உச்சி வேளை ரயில் அடித்துவிட்டது. ஆதிகேசவன் போய்விட்டார்.

மறுநாள் சாலமோன் சாவு வீட்டுக்குப் போனார். வாசலில் பெண்களுக்கு நடுவே குப்பம்மாள் என்பவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று ரயில் கேட் ஓரம் புல் அறுத்துக்கொண்டிருந்தவள். சாலமோன் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"வண்டி நின்னப்போ ரயிலு தூரத்துலதான் வந்துக்கினு இருந்துச்சு. எறங்கி ஓடுய்யான்னு கத்துனேன். ஒரு கால கீழயும் வச்சிட்டாரு. அப்புறம் ஆளே இல்லாத பக்கம் திரும்பி இன்னாவோ கேட்டாரு. தலைய ஆட்டிக்கினாரு. 'நல்லா கீதுன்னு மேஸ்திரி சொல்றாரு'ன்னாரு. மறுபடியும் சீட்டுல ஏறி குந்திக்கினாரு."

அவள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, எதிரில் நின்ற சாலமோனைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருய்யா அந்த மேஸ்திரி?"