டென்னிசன் மாமாவின் சிங்கப்பூர் படம்

பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: எங்கள் தெரு கேபிளில் இன்று மாலை பழைய பாட்டு கிடையாது.

போட ஆள் இல்லை. கேபிள் டென்னிசன் மாமா காலையில் போய்விட்டார்...

எங்கள் ஊர் கருங்கல்காரர்களுக்கு அவரைச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: உலகத்திலேயே எங்கள் கேபிளில் மட்டும் ஓடிய ஒரு கறுப்பு வெள்ளைக் காதல் படத்துக்குச் சொந்தக்காரர். நெட்டில் தேடிப் பாருங்கள், போஸ்டர்கூடக் கிடைக்காது.

ஊரில் பெண்டாட்டி இருக்க, சிங்கப்பூரில் போய் "எனக்கு யாருமில்லை" என்று சொல்லி ஒருத்தியைக் காதலிப்பவனின் கதை. மாமா அங்கே வேலை பார்த்தபோது டிவியிலிருந்து கேசட்டில் பிடித்தது. கடைசியில் ஹீரோ பெட்டியோடு சொந்த வீட்டு வாசலில் நிற்பான். அதோடு டேப் தீர்ந்துவிடும்.

உடனே ஸ்கிரீனில் மாமா வருவார். லைவ். மிச்சக் கதை அவர் வாயால். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒவ்வொரு முடிவு.

ஒருமுறை நான் அந்த லைவுக்குப் போன் போட்டு, "ஹலோ, சிங்கப்பூர்ல இருந்து ஹீரோ பேசுகேன்" என்றேன்.

"லேய், உனக்க அம்மைக்க நம்பர்ல இருந்தாடே ஹீரோ பேசுகான்?"

ஊரே கேட்டது. படத்தில் ஓடியது கப்பல், எங்கள் வீட்டில் ஓடியது நான்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா போன் போட்டார். புருஷன் மஸ்கட்டில். மாதக்கணக்கில் பேச்சில்லை. அங்கே வேறு குடும்பம் என்று தெருவெல்லாம் பேச்சு.

"அண்ணே, அவன் வீட்டுக்குள்ள போனானா, இல்லியா?"

மாமா கட்டன்சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"கதவத் தட்டுனான் பிள்ளே. தொறக்கணுமா வேண்டாமாங்கது அவளுக்க இஷ்டமாக்கும்."

பிறகு ஒருநாள் அக்காவின் புருஷன் நிஜமாகவே பெட்டியோடு வந்து நின்றான். காலையில் வந்தவனுக்கு மத்தியானம்தான் கதவு திறந்தது. முழுவதும் பார்த்தேன், எங்கள் மாடியிலிருந்து.

இப்படிப்பட்ட கேபிள்காரர் உங்கள் ஊரில் உண்டா? சொல்லுங்கள்.

காலையிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி: முடிவு என்ன? படத்தின் ஒரிஜினல் முடிவை மாமா எனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னார் என்று காலேஜ் முழுக்க அடித்துவிட்டிருந்தேன் அல்லவா...

அப்படி ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"நானே பாக்கல்ல மக்கா. நீதான் பெரிய வாயனாச்சே, ஒரு முடிவு சொல்லு பாப்போம்."

ஆரஞ்சு மட்டும் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போயிட்டு வாங்க மாமா.