கன்றுக்குத் தைத்த கோட்டு

மார்கழிப் பனி விலகாத காலையில் பழனிச்சாமி போன் செய்தார். "டீச்சருங்களா? மரகதம் போயிட்டாளுங்க. காப்பி வெச்சு எழுப்புனேன், எந்திரிக்கவே இல்லீங்க." முதலிபாளையத்தை ஒட்டிய அவர்கள் தோட்டம் என் வீட்டுக்கு அடுத்தது. மரகதம் அவருடைய மனைவி. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்பதைவிடப் பேச்சுத் துணை.

பனியன் கம்பெனியில் மரகதத்தோடு செக்கிங் மேசையில் நின்ற உங்களுக்கு அவர் குரலைச் சொல்லவேண்டியதில்லை. பிசிறு விட்ட பீஸைத் தூக்கிக் காட்டி, "இத உங்க மாப்பிள்ளைக்குப் போட்டுவிடுவீங்களா?" என்று கேட்பாராம். நான் பார்த்த மரகதம், வேலை விட்டு வந்ததும் புடவைமேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைகிறவர். குளிர்காலத்தில் அவர் கண் தரையில்தான் இருக்கும். "மேல பனி பேஞ்சா மாடு தாங்கீருமுங்க. கீழ ஈரமா இருந்தா எப்படிங்க படுக்கும்?" என்று சொல்லிக்கொண்டே காய்ந்த சோளத்தட்டைப் பரப்புவார்.

வெப்பத்தை வெளியே விடாத பொருளுக்கு நான் வகுப்பில் கம்பளியை உதாரணம் காட்டுவேன். மரகதத்தின் உதாரணம் கட்டிங் வேஸ்ட். கம்பெனியில் கழித்துக் கட்டிய ஸ்வெட்டர் துணியில், பிறக்கப்போகும் கன்றுக்கு முன்கூட்டியே ஒரு கோட்டுத் தைத்து வைத்திருந்தார். அதில் தையல் எல்லாம் வெளிப்பக்கம் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"வெளிய இருந்தா பாக்கற நமக்குத்தானுங்க அசிங்கம். உள்ள இருந்தா போட்டிருக்கறவளுக்கு உறுத்துமுங்களே."

சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதம், லச்சுமி என்ற அவர்கள் மாடு ஒரு செவலைக் கிடாரிக் கன்றை ஈன்றது. கன்று வெடவெடவென்று நடுங்கியது. தாய் நக்கி முடிப்பதற்குள் மரகதம் அவசரமாகத் துடைத்துக் கோட்டை மாட்டிவிட்டார். கன்று தள்ளாடி மடியை நெருங்கியது. லச்சுமி மோந்து பார்த்து ஒரே உதை விட்டது. கோட்டில் வீசியதெல்லாம் சாயமும் மிஷின் எண்ணெயும். அந்த வாசம் மாட்டுக்கு எப்படிச் சொந்தமாகும்? சீம்பால் உள்ளே போகாவிட்டால் அந்தக் குளிரில் கன்று பிழைக்காது.

"நல்லாத் தச்ச போ! பெத்தவளுக்கே புள்ளையத் தெரியல" என்று பழனிச்சாமி மாட்டின் காலைக் கட்டக் கயிற்றை எடுத்தார்.

"கவுத்தக் கீழ போடுங்க மாமா. துணி வாங்கற பையர் பீஸ ரிஜெக்ட் பண்ணீட்டா பையரையா கட்டிப்போடறது? தப்பு நம்ம சைடு."

கோட்டைக் கழற்றி மறுபடி விட்டார். மறுபடியும் உதை. கன்று விழுந்து, எழ முடியாமல் கிடந்தது. மரகதம் பிரசவ நீரில் நனைந்து கிடந்த வைக்கோலை அள்ளி வந்து கன்றின் முதுகெல்லாம் தேய்த்தார். மேலே கொஞ்சம் உப்புத் தூவினார். லச்சுமி மோந்தது. நின்றது. பிறகு நாக்கை நீட்டி நக்கத் தொடங்கியது. கன்று முட்டிப் பால் குடித்தபோது மரகதம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்: "அப்ரூவல் ஆயிருச்சுங்க டீச்சர்!"

கோட்டை மத்தியானம்வரை லச்சுமியின் முதுகிலேயே போட்டு வைத்து, அப்புறம் கன்றுக்கு மாட்டினார். அதன்பிறகு உதை இல்லை.

அந்தச் செவலைதான் இன்று கறவை மாடு. மரகதத்தைத் தவிர யாரையும் கிட்டே விட்டதில்லை. அவரைக் கிடத்தியிருந்த அன்று மடி கனத்து அது கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. பழனிச்சாமி இரண்டுமுறை போய் உதை வாங்கித் திரும்பினார். பிறகு கொடியில் கிடந்த மரகதத்தின் சட்டையை எடுத்து மாட்டினார். தோளில் இறுகியது.

"பாக்கறவங்க சிரிப்பாங்களாங்க டீச்சர்?"

"சிரிக்கட்டுமுங்க. போய் உக்காருங்க."

செவலை சட்டைக் கையை மோந்தது. வெகுநேரம் மோந்தது. பின் பால் சுரந்தது. துக்கத்துக்கு வந்த நீங்கள் என் வீட்டில் குடித்தது அந்தப் பாலில் போட்ட டீதான்.

கன்றுக் கோட்டைப் பழனிச்சாமியிடம் கேட்டு வாங்கி வந்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன். தையல் வெளியேதான் இருக்கிறது. செவலை அடுத்து ஈனும்போது அதைக் கன்றுக்கு நான்தான் மாட்டுவேன். அதற்கு முன் அரைநாள் அது செவலையின் முதுகில் கிடக்கும்.