மருமகனின் முழங்காலுக்கு என் நட்சத்திரம்

போன வருடம் தைப்பூசம் கழிந்த கிழமை, என் மருமகன் ஜோமார் கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே விழுந்தான். துள்ளி எழும்பியவன் இறங்கும்போது கால் இன்னொருவனின் சப்பாத்தில் பட்டு முழங்கால் திரும்பிவிட்டது. அவன் கத்தவில்லை. கத்தியது நான். "ஐயோ முருகா!" என்று நான் போட்ட சத்தத்தில் முன்வரிசைப் பெண்மணி தன் தேநீரைத் தன் மடியிலேயே ஊற்றிக்கொண்டார்.

ஜோமார் பிலிப்பைன்ஸ்காரன். மணிலாவில் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடிப் பேர் எடுத்தவன். என் மகள் அபிராமியைக் கட்டி லண்டனுக்கு வந்து, இங்கே ஒரு கழகத்துக்கு ஆடுகிறான். அவனுடைய இடத்துக்குப் பேர் பொயின்ட் கார்ட். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, சரியான ஆளின் கையில் கொடுப்பவன். மற்றவர்கள் எல்லாரும் பனை உயரம். அவன் மட்டும் நம்மாட்கள் உயரம். ஆனால் அவன் விரல் நீட்டினால் அந்தப் பனைகள் ஓடும். என் வீட்டில் நான் விரல் நீட்டினால் பூனைகூட எழும்பாது.

ஸ்கானில் தசைநார் அறுந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், நடப்பதற்குக் குறையில்லை, பழையபடி ஆடுவாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். புதிய பருவம் தொடங்குமுன் ஓடிக் காட்டினால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்றது கழகம். முப்பதைத் தாண்டிய பொயின்ட் கார்டுக்கு இன்னொரு கதவு திறப்பது கடினம். அவன் சோபாவில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு, தட்டாமல், சுழற்றாமல், சும்மா இருந்தான். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஓடினேன். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன்.

"பேர்?" என்றார் ஐயர்.

"ஜோமார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பேர்?"

"ஜோமார், ஐயா. மருமகன்."

"நல்லது. நட்சத்திரம்?"

அடியார்களே, அங்கேதான் நான் மாட்டினேன். மணிலாக்காரனுக்கு என்ன நட்சத்திரம்? பின்னால் வரிசை நெருக்குகிறது. யாரோ ஒரு அம்மா, "கெதியாச் சொல்லுங்கோ அண்ணை, கார் பார்க்கிங் முடியுது" என்கிறா. என் வாய் தன்பாட்டில், "உத்தரட்டாதி" என்று சொல்லிவிட்டது. அது என்னுடைய நட்சத்திரம். தெரியாவிட்டால் சுவாமி பேரிலேயே அர்ச்சனை செய்விக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த வெள்ளி திருத்தலாம் என்று போனால், ஐயர் என்னைக் கண்டதுமே, "ஜோமார், உத்தரட்டாதி!" என்று சந்தோஷமாகத் தொடங்கிவிட்டார். அவ்வளவு பேருக்கு நடுவில் என்னவென்று சொல்வது? கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கு வெள்ளி இப்படியே போயிற்று. ஹவுன்ஸ்லோ பூங்காவில் தினமும் அவனை நடக்கக் கூட்டிப்போவதும் என் பொறுப்பாயிற்று.

ஆனி மாதத்தில் ஒருநாள் என் மனைவி சாந்தி கேட்டா: "என்னப்பா, படியேறேக்க உங்கட முனகல் சத்தத்தைக் காணேல்லை?"

நான் படியின் நடுவிலேயே நின்றுவிட்டேன். ஹீத்ரோ விமான நிலையத்தில் பொதி ஏற்றிய காலத்திலிருந்து என் வலது முழங்கால் ஒரு பழைய கதவு. இப்போது சத்தமே இல்லை. அதே கிழமைதான் ஜோமாரின் முழங்கால் மறுபடி வீங்கி, அப்போதுதான் தொடங்கிய ஓட்டத்தை வைத்தியர்கள் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முருகன் உத்தரட்டாதிக்காரனைத் தேடி என்னட்டை வந்திட்டார். பெடியன்ர சுகத்தை நான் களவெடுத்திட்டன்!"

"விசர்க் கதை கதையாதேங்கோ. ஒவ்வொரு நாளும் நடந்தா முழங்கால் சுகம் வரும்தானே?"

நியாயமான கேள்விதான். பயந்தவனுக்கு நியாயம் ஏறுமா? கோயிலுக்குப் போய், கண்ணை மூடி, "முருகா, என்ர நோவைத் திருப்பித் தா. அவன்ர முழங்காலைச் சுகமாக்கு" என்று கேட்டேன். இப்படியொரு விண்ணப்பம் அவருக்கு அதுவரை வந்திருக்காது. சிரிப்புக்கு எழுதினாலும், அன்று எனக்குக் கண்ணீர் வந்தது உண்மை. என் வாழ்நாளில் எனக்கென்று எதுவும் கேட்காமல் நான் கும்பிட்டது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தேன். ஜோமார் முழங்காலில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக்கொண்டு குசினியில் இருந்தான். அவனிடமும் உண்மையைச் சொன்னேன். பட்டாணிப் பை கீழே விழும்வரை சிரித்தான். அவன் பேசும் தமிழ் முழுக்கச் சாந்தியிடம் கேட்டுப் பழகியது.

"மாமா, இது நோ-லுக் பாஸ்."

"அது என்ன தம்பி?"

"நான் ஒரு பக்கம் பார்ப்பன். பந்து மற்றப் பக்கம் போகும். என்ர கண்ணைப் பார்த்து எல்லாரும் ஏமாறுவினம். முருகன் உங்களைப் பார்க்கிறார். பந்து எனக்குத்தான். கொஞ்சம் பொறுங்கோ."

பிறகு சட்டைக்குள் கிடந்த சின்னச் சிலுவையைத் தொட்டு, "மணிலாவில என்ர அம்மா குழந்தை இயேசுவிட்டயும் சொல்லியிருக்கிறா. ரெண்டு பேரும் ஒரே டீம்" என்றான்.

ஆறுதல் சொல்லப் போனவன் நான். ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த மாதம் முடியுமுன் வீக்கம் வற்றியது. மெல்ல ஓடினான். பிறகு ஓடினான். கழகத்தின் சோதனை நாளில் இளம் பெடியன்களோடு சரிக்குச் சரி ஓடி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தான். என் முழங்காலும் நோவைத் திருப்பி வாங்கவில்லை. முருகன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவர் இல்லை.

பருவத்தின் முதல் ஆட்டம். நெற்றி நிறைய விபூதியோடு நானும் சாந்தியும், சுற்றிலும் கொடியோடு பிலிப்பைன்ஸ் சனம். கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் சமம். பந்து ஜோமாரிடம் வந்தது. இடது மூலையில் நின்ற தன் ஆளை நிமிர்ந்து பார்த்தான். எதிரணி முழுக்க அங்கே பாய்ந்தது. நானும் அங்கேதான் பார்த்தேன். பந்து அங்கே போகவேயில்லை. கூடைக்கடியில் தனியே நின்ற பனையின் கைக்குப் போய், அப்படியே கூடைக்குள் விழுந்தது.

அரங்கம் அதிர்ந்தது. ஜோமார் எங்கள் பக்கம் திரும்பி, தன் முழங்காலைத் தட்டி, என்னைக் காட்டி, மேலே காட்டினான். "இறங்குங்கோ, விழப்போறியள்!" என்று சாந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தா. அப்போதுதான் தெரிந்தது, நான் கதிரைக்கு மேலே ஏறி நிற்கிறேன் என்று. பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்: அது என் மருமகன். அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. இன்னும் மூன்று பேருக்குச் சொன்னேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கிறேன். ஜோமாரின் அம்மாவிடம் பிறந்த நேரம் கேட்டு, அவனுடைய நட்சத்திரத்தையும் அறிந்துகொண்டேன்: சுவாதி. ஐயருக்குச் சொன்னபோது, "முருகனுக்கு அப்பவே தெரியும் ஐயா" என்று சிரித்தார். அர்ச்சனைக்கு முதலில் ஜோமாரின் பேர், பிறகு வேலை இழந்த நண்பன் பேர், பக்கத்து வீட்டுக்காரியின் பேர். என் பேர் கடைசியில் வரும், சில கிழமை வராமலும் போகும்.

அடியார்களே, நீங்களும் ஒருநாள் உங்களுக்கு வேண்டிய ஒருவருக்காகக் கோயிலில் போய் நில்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, பயத்தில் உளறினாலும் பரவாயில்லை. முருகன் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருந்தால் கலங்காதீர்கள். கையை மட்டும் விரித்து வைத்திருங்கள். பந்து வரும்.