தண்டவாளம் போடத்தான் போனார்

அந்த ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தை நான் நான்கு முறை தட்டச்சு செய்தேன். முதல் முறை அடித்த தாளின் கடைசி வரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இனி எந்த ஜப்பானியச் சிப்பாயும் அந்நிய மண்ணில் கால் வைக்க மாட்டான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் பசுமலையில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்த பேராசிரியர். அந்தக் கல்லூரிக்குப் போகும் வழியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி வந்தேன். தொண்ணூற்றொன்றாம் வருடம் வளைகுடாப் போர் முடிகிற சமயத்தில், துணிப்பையில் முந்நூறு பக்கக் கையெழுத்துப் பிரதியைச் சுமந்துகொண்டு அவர் படியேறி வந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எட்டு வருட உழைப்பு என்றார்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு எதற்காக ஜப்பானைப் பற்றி எழுதுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பாதி அடித்து முடித்தபோது கேட்டேன். அவர் பிறந்தது மலேயாவில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பூர்வீகம் திருவாதவூர். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த மறு வருடம், இன்று தாய்லாந்து என்கிற சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, அரிசியும் கூலியும் உண்டு என்று தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அப்பாவைச் சரக்கு வண்டியில் ஏற்றிப் போனார்கள். சாருக்கு அப்போது நாலு வயது. போனவர் திரும்பவில்லை. செத்தார் என்ற செய்தியும் வரவில்லை. யுத்தம் முடிந்ததும் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி ஊருக்கு வந்து சேர்ந்தாள். செத்ததாக யாரும் சொல்லாததால் அவள் தாலியைக் கழற்றவில்லை. என்னிடம் இதைச் சொன்ன அன்றும் அவள் கழுத்தில் தாலி இருந்தது.

ஜப்பான் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிற ஆளாகத்தான் அவர் வளர்ந்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும்போது அந்நாட்டின் புதிய அரசியல் சட்டத்தைப் பாடமாக வைத்திருந்தார்கள். போர் செய்யும் உரிமையையே கைவிடுகிறோம், தரைப்படை, கடற்படை, விமானப்படை எதுவும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்ற பிரிவை முதன்முதலாகப் படித்த அன்றே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன் என்றார். தோற்றவர்கள் மேல் ஜெயித்தவர்கள் திணித்த சட்டம் என்று வகுப்பில் மற்றவர்கள் சொன்னார்களாம். அவருக்கு அப்படிப் படவில்லை. “எங்க அய்யாவக் கொண்டுபோன துப்பாக்கிய அவங்களே கீழ போட்டுட்டாங்க தாயி. அதுக்குப் பெறகும் நான் வன்மத்தக் கட்டிக்கிட்டு அழுதா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டார். ஆய்வேடு என்று அவர் சொன்னாலும், நான் அடித்துக்கொண்டிருந்தது ஒரு மகன் எழுதிய மன்னிப்பு என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்பே அந்தக் கடைசி வரி இடறியது. வளைகுடாப் போருக்கு ஜப்பான் பணம் மட்டும் கொடுத்தது, ஆள் அனுப்பவில்லை என்று அமெரிக்காவில் ஏளனம் பேசினார்கள். அந்த வசந்தத்திலேயே கண்ணிவெடி அகற்றும் கப்பல்களை ஜப்பான் வளைகுடாவுக்கு அனுப்பியது. சார் பேப்பரும் கையுமாக வந்து, கப்பல்தானே, மண்ணில் யாரும் கால் வைக்கவில்லையே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, ஒரு அடிக்குறிப்பு சேர்த்தார். இரண்டாம் முறை அடித்தேன். அடுத்த வருடம் புதிய சட்டம் போட்டு, ஐ.நா. அமைதிப் பணி என்று கம்போடியாவுக்கு ஆள் அனுப்பினார்கள். கம்போடியா சயாமுக்கு அடுத்த வீடு. அன்று சார் அந்த வரியைப் பென்சிலால் திருத்தி, ‘ஆயுதமேந்தி’ என்ற சொல்லை நடுவில் நுழைத்தார். மூன்றாம் முறை அடித்தேன். சமர்ப்பித்துவிடுங்கள், பட்டம் வந்தால் சம்பளம் கூடும் என்று அவருடைய ஆய்வு வழிகாட்டி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அந்த வரி நிச்சயமாகாமல் கொடுக்க மாட்டேன் என்று இவர் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஒரு ஜப்பானியப் பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. அவருடைய தகப்பனார் சயாம் ரயில் பாதையில் வேலை வாங்கிய படைப்பிரிவில் இருந்தவர். சாகப்போகிற சமயத்தில், காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்த தமிழர்களைப் பற்றி மகளிடம் புலம்பியிருக்கிறார். அந்தத் தமிழர்களின் குடும்பங்களைத் தேடி டீச்சர் ஆங்கிலப் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார். சார் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். அதனால் திருவாதவூருக்குக் கூட்டிப்போன அன்று என்னையும் உடன் அழைத்தார்.

சாரின் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கலாம். கூரைக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு மண் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கினார். அம்மா பதறிப்போய்க் காலை மடக்கிக்கொண்டார். பிறகு சாரைப் பார்த்து, “அவரு எங்கன கெடக்காருன்னு இவுகளுக்குத் தெரியுமான்னு கேளுய்யா” என்றார். சார் ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் தோட்டத்து ஆட்கள் இருந்தது என் அப்பாவின் முகாம்தான், அங்கிருந்து திரும்பாதவர்கள் அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள், எல்லாரையும் ஒரே குழியில் போட்டதாக அப்பா சொன்னார், பெயர் எழுதி வைக்கவில்லை என்றார் டீச்சர். சார் அதைத் தமிழில் சொன்னார். அம்மா அழவில்லை. கழுத்தில் கிடந்த கயிற்றைத் தானே தலைக்கு மேலே தூக்கிக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வருடம். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து தடுக்கப் பார்த்தார்கள். அவர்களைக் கையமர்த்திவிட்டு மகனிடம் இன்னொன்று கேட்கச் சொன்னார். இனிமே யாரு பெத்த பிள்ளையையும் இப்படிக் கூட்டிட்டுப் போக மாட்டாகளே? டீச்சர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மாட்டோம், எங்கள் சட்டம் விடாது என்றார். அடுத்த வருடமே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதன்பின் டீச்சரும் சாரும் என் கடை முகவரி வழியாக மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டார்கள். தன் ஒரே மகன் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான் என்று ஒரு கடிதத்தில் டீச்சர் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். அதை ராணுவம் என்று அங்கே சொல்வதில்லை, தற்காப்புப் படை என்றுதான் பெயர். அங்கே வந்த ஒரு பெரிய நிலநடுக்கத்தில் அவர்கள் இடிபாட்டுக்குள் இருந்து ஆட்களைத் தூக்கியதைப் பார்த்துச் சேர்ந்தானாம். நல்ல வேலைதானே என்று சார் ஆறுதலாகப் பதில் எழுதினார். அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்து, ஆப்கானிஸ்தான் போருக்குப் போகும் கப்பல்களுக்கு ஜப்பான் இந்துமாக்கடலில் எண்ணெய் நிரப்பத் தொடங்கியபோது, கடைசிப் பக்கத்தை நான்காம் முறை அடித்தேன். அந்த முறை ‘மாட்டான்’ என்பது ‘மாட்டான் என நம்பலாம்’ என்று ஆகியிருந்தது.

இரண்டாயிரத்து நாலு பொங்கல் கழிந்து அந்தக் கடிதம் வந்தது. அப்போது என் கடையில் டைப்ரைட்டர்கள் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. சார் ரிடையராகிச் சர்க்கரையில் மெலிந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். டீச்சரின் மகன் ஈராக்குக்குப் போகிறான். சண்டைக்கு இல்லை, சாலை போடவும் தண்ணீர் சுத்திகரிக்கவும். போகாதே என்று கெஞ்சினாராம். அரை நூற்றாண்டாக நமக்குக் காவல் நிற்கிற அமெரிக்கா கூப்பிடுகிறது, எத்தனை நாளைக்குப் பணத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பது என்று மகன் கேட்டானாம். உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை, என்னைத் திட்டியாவது எழுதுங்கள் என்று முடித்திருந்தார்.

சார் உடனே பதில் சொல்லத் தொடங்கினார். வழக்கமாக நலம் விசாரிப்பார், மழை பெய்ததா என்று கேட்பார். அன்று அது எதுவும் இல்லை.

“எங்க அய்யாவும் சண்டைக்குப் போகல. தண்டவாளம் போடத்தான் போனாரு. அம்புட்டுத்தான், அத மட்டும் இங்கிலீஷ்ல அடி தாயி” என்றார்.

அடித்தேன். வெள்ளைத் தாளில் இரண்டே வரி. ஒரு நாள் பொறுத்து அனுப்பலாமே சார் என்று சொல்லியிருக்கலாம். ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டதும் நான்தான்.

பதில் வரவில்லை. சார் வாரம் தவறாமல் தான் குடியிருந்த திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எதுவும் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போவார். கார்த்திகை மாதம் கடிதம் வந்தது, ஆனால் எழுதியவன் டீச்சரின் மகன். ஈராக்கிலிருந்து உயிரோடு திரும்பியிருந்தான். அம்மா இறந்துவிட்டார். புற்றுநோய், அவனிடமே சொல்லாமல் வைத்திருந்தார். உங்கள் கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது, அதற்கு அம்மா பதில் எழுதத் தொடங்கிய தாள்கள் ஏழெட்டு இருந்தன, எல்லாவற்றிலும் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தான். எங்கள் மேல் இன்னும் கோபமா என்று கேட்டிருந்தான்.

சார் அதற்குப் பதில் சொல்ல மூன்று நாள் வந்தார். ஒவ்வொரு நாளும் நான் தேதி அடித்து, பெயர் அடித்துக் காத்திருப்பேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள், “கோபம் போகலையே தாயி. போனாத்தான எழுத முடியும்?” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். ஒன்றரை வருடம் கிடந்து, ஆஸ்பத்திரியில் கால் எடுத்த பிறகு இறந்துபோனார். ஆய்வேட்டைக் கடைசிவரை சமர்ப்பிக்கவில்லை. அவர் வீட்டார் பழைய பேப்பரோடு போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

துக்கம் விசாரித்துத் திரும்பிய அன்றே டீச்சரின் மகனுக்கு நான் எழுதினேன். சார் காலமாகிவிட்டார், கடைசி நாட்களில் உங்களையும் உங்கள் அம்மாவையும் நினைத்துக்கொண்டார், உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை என்று எழுதச் சொன்னார் என்று எழுதினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தாய் ஏழெட்டுத் தாளில் எழுத முடியாமல் செத்ததை நினைத்தபோது எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஒரே மாதத்தில் பதில் வந்தது. அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன், நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று நன்றி சொல்லியிருந்தான். இனித் தயக்கம் இல்லை, அடுத்து வேறொரு நாட்டுக்குச் சாலை போடப் போகிறார்கள், அதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தான்.