ஐந்தரை மணிக்கு வந்த போன்

கால் சென்டரில் எங்கள் வரிசையில் அவளுக்குத் தேன் என்று பெயர். துணி துவைக்கும் மெஷின் ஓடவில்லை என்று போனில் வாய்க்கு வந்தபடி ஏசுகிறவனிடமும் "சொல்லுங்க சார்" என்று குழைவாள். பக்கத்து நாற்காலி என்னுடையது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

வாங்கிய ஏச்சையெல்லாம் அவள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கொட்டுவாள். அம்மா இல்லாத வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அந்த மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் டீ இடைவேளை ஐந்தரைக்கு. அவசரத்துக்கென்று அவள் கொடுத்து வைத்திருந்த என் நம்பருக்குத் தினமும் கூப்பிடுவார்.

"இன்னிக்கு ரொம்பத் திட்டு வாங்கினாளாம்மா? நீ சொல்லிட்டா, நான் பாட்டுக்கு வாயத் திறக்காம இருந்துக்குவேன். அவகிட்ட சொல்லிடாத."

மூன்று வருஷம் இந்த உளவு வேலை பார்த்தேன். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. மாரடைப்பு.

"அன்னிக்கு எனக்கு ஒரு திட்டுகூட விழலடி. சந்தோஷமாத்தான் வீட்டுக்குப் போனேன். நெஞ்சத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தாரு. என்னப்பான்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு தலைய மட்டும் ஆட்டினாரு. கடைசியா ஒரு வார்த்தை பேசல. என் மேல அப்படி என்னடி கோவம்?"

சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதையே கேட்கிறாள். நான் டப்பாவை மூடிவிடுவேன். ஐந்தரை ஆனால் என் போன் அதிர்வது போலிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று ஆபீஸில் இங்கிலீஷ் வகுப்பு. டீச்சர் 'டேக் இட் அவுட் ஆன்' என்று பலகையில் எழுதினார். ஒருவர் மேல் இருக்கும் கோபத்தைச் சம்பந்தமே இல்லாத இன்னொருவரிடம் காட்டுவதாம். ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். எல்லோரும் மேனேஜரை இழுத்துச் சிரித்தார்கள். தேன் எழுந்து, "ஐ டுக் இட் அவுட் ஆன் மை ஃபாதர்" என்றாள். சிரிப்பு நின்றுபோனது.

அடுத்தது நான்.

அந்தக் கடைசி நாள் ஐந்தரைக்குச் சற்றுமுன் போனில் ஒருவன் என்னை நாய் என்றான். அந்தக் கோபம் அடங்குவதற்குள் அவள் அப்பா கூப்பிட்டார். "செம திட்டு. இன்னிக்கு வாயவே திறக்காதீங்க" என்று வெடுக்கென்று வைத்துவிட்டேன். அவளுக்குத் திட்டு விழுந்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐ டுக் இட் அவுட் ஆன் ஹெர் ஃபாதர்" என்றேன்.

"மை ஃபாதர்" என்று திருத்தினார் டீச்சர்.

"இல்ல மேடம். அவளோட அப்பாதான்."

தேன் திரும்பினாள். "சொல்லுங்க" என்றாள், போனில் பேசும் அதே குரலில்.