பௌவின் வீட்டை இடிக்கலாமா?

போன செவ்வாய். மெல்போர்ன் ஸ்பிரிங்வேலில் நான் வேலை செய்யும் சைல்ட்கேரின் லஞ்ச் ரூம். கூட வேலை செய்யும் பௌ சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்லாந்து மலைக் கிராமத்திலிருந்து படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட கரென் இனப் பெண்.

ஊரில் வீட்டை இடிக்கப் போகிறார்களாம். இவள் 'ஓகே' சொல்ல வேண்டுமாம்.

ஏன் இவள்? அவர்கள் வழக்கத்தில் வீடு கடைசி மகளுக்கு. அட, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடுகளும் பெண் பிள்ளைகளுக்குத்தானே!

ஆனால் இன்னொன்றும் சொன்னாள். தாய் கண்மூடிய பிறகுதான் அந்த வீட்டை இடிப்பார்களாம். அம்மா உயிரோடு இருக்கும்போதே இடிப்பதென்றால்... சோறு எப்படி இறங்கும்?

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தார் ரோடு வந்துவிட்டது, கரண்ட் வந்துவிட்டது, அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. அம்மா ஒரு மூலையில் அழுகிறார். ஊரக வளர்ச்சி பற்றி யூனிவர்சிட்டியில் அசைன்மென்ட் எழுதியவள் நான் — எனக்குத் தெரியாதா?

"பாவம் உங்கட அம்மா" என்றேன், ஆங்கிலத்தில்.

பௌ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இடிக்கச் சொல்றதே அம்மாதான்."

மூங்கில் வீட்டுக்கு ஏணியில் ஏற வேண்டும், முழங்கால் நோகிறதாம். தரையோடு ஒரு சிமெண்ட் வீடு, உள்ளேயே டாய்லெட் வேண்டுமாம். அண்ணனோ இரண்டு பக்கமும் தலையாட்டுகிறாராம்.

அப்படியானால் பழைய வீட்டுக்காக அழுவது யார்? இங்கே குளிர் எட்டிப் பார்க்கும் மே மாதமே ஹீட்டர் போடும் பௌ!

குழம்பிப்போனேன்.

நேற்று அவளே ஒரு வழி சொன்னாளாம் — பழையதை விட்டுவிட்டு, பக்கத்தில் புதிது கட்டுங்கள். அம்மா உடனே சம்மதித்துவிட்டார். அவ்வளவு சுலபமாகவா? பௌவுக்குச் சந்தேகம். துருவித் துருவிக் கேட்டாள்.

ரோடு வந்ததிலிருந்து டூரிஸ்ட்டுகளும் வருகிறார்களாம். அவர்களுக்கு மூங்கில் வீட்டில்தான் படுக்க வேண்டுமாம். முதல் ஜோடி வந்து தங்க அம்மா நாளும் குறித்துவிட்டார். எந்த ஊர்க்காரர்கள்? மெல்போர்ன்!

"அப்ப நான் வந்தா எங்க படுக்கிறது?" என்று கேட்டிருக்கிறாள் மகள்.

"உனக்குப் புது வீடு இருக்குதானே. ஃபேன் எல்லாம் போடப்போறன்."

யார் முன்னே போகிறார்கள், யார் அங்கேயே நிற்கிறார்கள்? என் அசைன்மென்ட்டில் இதற்குப் பதில் இல்லை.

பௌ இப்போது டிசம்பருக்குத் தன் வீட்டையே புக் பண்ணப் பார்க்கிறாள்... அம்மா இன்னும் கன்ஃபர்ம் பண்ணவில்லை.